பல் டாக்டரின் வண்டி

அந்த மோட்டார் சைக்கிள்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் முதல் ஆள் அவருடைய தங்கை. "அந்தப் பழைய வண்டிய மட்டும் வாங்காம இருந்திருந்தா என் அண்ணன் இன்னிக்கும் குத்துக்கல்லாட்டம் இருந்திருப்பாரு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் அவர் மனைவிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வரும். அவர் போனது வண்டியில் அல்ல. ஒரு மருத்துவமனை நடைக்கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் நாற்பத்தோராம் எண் டோக்கனைப் பிடித்தபடி. நெஞ்சு வலிக்கிறது என்றவரை உட்காரச் சொன்னார்கள். இ.சி.ஜி. மெஷின் பழுது, சரிசெய்ய ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். அப்போது முப்பத்தாறாம் எண் உள்ளே போயிருந்தது. வண்டி வெளியே மரநிழலில் நின்றது. அவரையும் அவளையும் அது அன்றைக்கும் ஒரு விக்கல்கூட இல்லாமல் அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது.

அதை வாங்கிய கதை தெரிந்தால் யாரும் அதன்மேல் பழி போடமாட்டார்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் ஒரே கம்பெனி. நகரத்தில் எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இன்னொருவாட்டி'. எல்லாம் பார்த்தாயிற்று, கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டினால், "இன்னொருவாட்டி பாத்துடலாம்" என்று மறுபடி மெஷின் ரூமுக்கு ஏறிவிடுவார். அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்டில் ஒருவருக்கும் நகக்கீறல்கூட விழுந்ததில்லை. அது பெருமைதான். அந்தப் பெருமையோடு குடித்தனம் நடத்திய கஷ்டம் அவளுக்குத்தான் தெரியும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து இரண்டு முறை திரும்பி வரவேண்டும்.

கல்யாணமான புதிதில் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தூரம் போகிற பெரிய வண்டி ஒன்று வாங்கி, அவளைப் பின்னால் உட்கார வைத்து, கடலை ஒட்டிப் போகும் சாலையில் அது முடிகிற இடம்வரை போவது. போக வர மூன்று வாரம். அவர் மறந்திருக்கலாம். அவள் மறக்கவில்லை. ஆனால் லிஃப்ட்காரருக்கு ஏது மூன்று வாரம்? சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். யாரோ நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருஷம் அதிசயமாக லீவு கிடைத்தது. கம்பெனி கைமாறப் போகிறது, மிச்சமிருக்கிற லீவையெல்லாம் இப்போதே எடுத்துத் தீர்த்துவிடுங்கள், அப்புறம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமையிலிருந்து மூன்று வாரம். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

அவள் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு முறை லீவு சொல்லி, இரண்டு முறையும் ரத்து செய்திருந்தாள். மூன்றாம் முறை கேட்டபோது பக்கத்து மெஷின்காரி தையலை நிறுத்தாமலே சொன்னாள்: "போயிட்டு வாக்கா. போறதுக்குள்ள கடல் வத்திடாம பாத்துக்கோ." பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

புது வண்டி கட்டுப்படியாகாது என்பதால் பழைய வண்டியாகப் பார்த்தார்கள். முதல் வண்டியில் என்ஜினுக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தது, வேண்டாம். இரண்டாவது வண்டி கிளம்பும்போது தொண்டையைக் கனைக்கிறது, வேண்டாம். மூன்றாவதை மூன்று மணி நேரம் குப்புறப் படுத்தும் மல்லாக்கப் படுத்தும் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு குறையும் தெரியல. அதான் சந்தேகமா இருக்கு" என்றார். விற்க வந்தவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான்காவதுதான் பல் டாக்டரின் வண்டி.

அவர் பராமரிக்கும் லிஃப்டுகளில் இரண்டு, ஒரு கடைவீதிக் கட்டடத்தில் இருந்தன. முதல் மாடியில் டாக்டரின் கிளினிக். ஒட்டினாற்போல் ஏழு தளம் உயரத்துக்கு வண்டி நிறுத்துமிடம். டாக்டர் தடித்த, கலகலப்பான மனிதர். ஆசைப்பட்டு வாங்கி ஐந்தாறு நீண்ட பயணம் போனவர். முதுகுவலி வந்து விற்கிறார். அகலமான சீட், முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இருபுறமும் பூட்டு வைத்த பெட்டிகள். வண்டி பளபளவென்று இருந்தது. சீட்டைத் தொட்டுப் பார்த்த அவளுக்குத் தையல் பிடித்திருந்தது. இரட்டைத் தையல், நூல் எங்கும் தளரவில்லை.

"ஓட்டிப் பாருங்க சார்" என்றார் டாக்டர்.

"சும்மா ஓட்டிப் பாத்து என்ன தெரியும் டாக்டர்? பாரம் ஏத்தித்தான் பாக்கணும். லிஃப்டுக்கு நாங்க அப்படித்தான். எவ்வளவு தாங்கும்னு எழுதியிருக்கோ, அதுக்கு மேல கால் பங்கு கூட ஏத்தி, மேலயும் கீழயும் விடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை, வண்டி நிறுத்துமிடம் காலி. மெஷின் ரூமில் சோதனைக்கென்று அவர் வைத்திருந்த இரும்புக் கட்டிகளில் இரண்டைத் தூக்கி வந்தார். ஒவ்வொன்றும் இருபது கிலோ. பெட்டிக்கு ஒன்று. தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். அப்புறம் நிமிர்ந்து, டாக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளைக் கேட்டார்: "உன் எடை எவ்ளோ?"

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் அவர் கேட்காத கேள்வி. அவளை அவர் ஒரு கட்டியாகத்தான் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என்னைய என்ன லக்கேஜ்னு நெனச்சீங்களா?"

"கணக்குக்குத்தான் கேக்கறேன். சொல்லு."

"அறுபத்திரண்டு" என்றாள். உண்மையில் அறுபத்தொன்பது. அந்த ஏழு கிலோவை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சுழன்று சுழன்று ஏறும் பாதையில் ஏழாம் தளம்வரை போய் இறங்க வேண்டும். அப்படி ஏழு சுற்று. நான்கு சுற்று வண்டி வெண்ணெயில் கத்தி போல ஏறி இறங்கியது. அவளுக்கே மனம் லேசாகிவிட்டது. கண்ணை மூடிக் கடற்சாலையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஐந்தாம் சுற்றில், நான்காம் தளத்து வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, சீட்டுக்கு அடியில் 'டக்' என்றது. இடதுபக்கம் அவள் ஒரு விரற்கடை இறங்கினாள்.

"நிறுத்துங்க!"

அவர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார். சீட்டையும் பெட்டியையும் தாங்கும் இரும்புக் குழாய் இடதுபுறம் வாயைப் பிளந்திருந்தது. கீழே சிமெண்ட் தரையில் வெள்ளையாக ஒரு துண்டு கிடந்தது. அவள்தான் எடுத்தாள். வழுவழுப்பாக, அசல் கடைவாய்ப் பல் துண்டு மாதிரி இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே மூன்று தளம் இறங்கினார்கள். டாக்டர் கிளினிக் வாசலில் வெள்ளைக் கோட்டோடு, முகமூடி கழுத்தில் தொங்க நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் யாருக்கோ பல்வலி.

"இது என்ன டாக்டர்?" அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். முகத்தில் கள்ளத்தனம் இல்லை. வருத்தம்தான் இருந்தது, அதுவும் தன் கைவேலை உடைந்துபோன வருத்தம். "அடடா. விழுந்துடுச்சா? எப்படி விழும்? போன வருஷம் கழுவும்போது அங்க முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சுது. என் டிரில்லாலயே சுத்தம் பண்ணி, மருந்து வச்சு அடைச்சேன். நீல வெளக்கு காட்டி இறுக்கி, மேல பெயிண்டும் அடிச்சேன். சும்மா ஏனோதானோன்னு செய்யல சார், ஒரு பேஷண்டுக்குச் செய்யற மாதிரி செஞ்சேன்."

"பல்ல அடைக்கிற மருந்தையா?"

"பதினஞ்சு வருஷம் மெல்லும் சார் அது! எலும்பு கடிக்கறவன் வாயிலகூட நிக்கும்!"

"பல்லு அமுக்கும் டாக்டர், இது தொங்குது! கீழ இழுக்குது! என் பொண்டாட்டி உக்காந்திருந்தா இதுமேல!"

"அதுக்காக? இரும்புக் குண்ட வச்சு ஏழு மாடி ஏத்தச் சொன்னது யாரு? நான் அடைச்ச பல்லு நிக்குதான்னு பாக்க சுத்தியலாலயா தட்டறேன்? நல்லா இருந்த வண்டிய உடைச்சுட்டு என்னைய மோசடிக்காரன் மாதிரி பேசறீங்க!"

"நல்லா இருந்த வண்டியா? இங்க பாருங்க." அவர் டாக்டரின் தோளைப் பிடித்துக் குனிய வைத்து டார்ச்சை அடித்தார். "இந்தப் பாதி கருப்பா, துருவேறி இருக்கா? இது பழசு. எப்பவோ விட்டது. இந்தப் பாதி பளிச்சுனு இருக்கா? இதுதான் இன்னிக்கு விட்டது. நான் உடைக்கல. உடைஞ்சதக் கண்டுபுடிச்சேன். நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைவளைவுல விட்டிருந்தா?"

ஏழு கிலோ நினைவால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுக்கு, அந்தக் கருப்புப் பாதியைப் பார்த்ததும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது. "ஏன் டாக்டர், இவ்ளோ படிச்சிருக்கீங்க. அடைச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாய்க்கு என்ன மரத்துப்போற ஊசியா போட்டிருந்துது?"

உள்ளேயிருந்து ஒரு நோயாளி, பாதி வாய் கோணலாக, எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. டாக்டர் நோயாளியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "மேடம் சொல்றது நியாயம்தான். சொல்லியிருக்கணும். அது ரிப்பேர்னுதான் நெனச்சேன், குறைன்னு நெனக்கல. வெல்டிங் நான் வச்சுத் தரேன்."

வெல்டர் இரும்பு கேட் செய்கிறவர், அதிகம் பேசாதவர். குழாயைத் தட்டிப் பார்த்தார். மிச்சமிருந்த வெள்ளை மருந்தை நகத்தால் சுரண்டி மூக்கருகே வைத்து மோந்தார். "இதுக்கு வேற பல்லு குத்தற குச்சியும் தரட்டுமா?" என்றார். உள்ளே இன்னொரு குழாயைச் சொருகி, இரண்டு பக்கமும் தகடு வைத்து இறுக்கிக் கொடுத்தார். வலதுபுறத்துக்கும் அதே மாதிரி செய்யச் சொல்லி லிஃப்ட்காரர் கூடவே நின்று வாங்கினார். அதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

சனிக்கிழமை மறுபடி சோதனை. அவர் இரும்புக் கட்டியை எடுக்கப் போனபோது அவள் ஹெல்மெட்டைக் கழற்றி டாக்டரின் கையில் திணித்தாள்.

"இந்தத் தடவை இவர் ஏறட்டும்."

"நானா? எனக்கு முதுகு..."

"என் முதுகு மட்டும் என்ன மரக்கட்டையா? ஏறுங்க டாக்டர். உங்க எடை என்ன?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "எண்பத்தெட்டு."

"கட்டி ஒண்ணு போதும்" என்றார் அவர், சாக்பீஸ் கணக்கைத் திருத்தியபடி.

ஏழு சுற்று. அவள் கீழே நின்று எண்ணினாள். ஒவ்வொரு சுற்றிலும் டாக்டரின் வெள்ளைக் கோட்டு காற்றில் பறக்க, அவர் லிஃப்ட்காரரின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வேகத்தடைக்கு வேகத்தடை "ஐயோ" என்று கத்திக்கொண்டு இறங்கி வந்தார். சீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் அசையவில்லை. வெல்டிங் வைத்த இடத்தில் பெயிண்ட்கூட உதிரவில்லை.

மேலே போய்க் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தார்கள். டாக்டர் பெயர் மாற்றும் தாளை மேசையில் வைத்தார். லிஃப்ட்காரர் பேனாவை எடுத்தார், வைத்தார்.

"டயர் எந்த வருஷத்துது டாக்டர்?"

"போன வருஷம்."

"செயின்?"

"அதுவும்தான்."

"பேட்டரி சார்ஜ் ஏறுதான்னு ரெண்டு மூணு நாள் வச்சுப் பாக்கணும். அவசரமில்ல. இன்னொருவாட்டி..."

"எதுக்கு?" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. காத்திருந்த இரண்டு பேர் பத்திரிகையைத் தாழ்த்தினார்கள். "நாளன்னிக்குக் கிளம்பணும். ரெண்டு மூணு நாள் எங்க இருக்கு? முதல் வண்டி சொட்டுச்சு. ரெண்டாவது கனைச்சுது. மூணாவதுல ஒண்ணுமே இல்லன்னு வேணாம்னீங்க. இது உடைஞ்சுது, ஒட்டியாச்சு, டாக்டரையே மூட்டை மாதிரி ஏத்தி ஏழு சுத்து சுத்தியாச்சு. வண்டி கிளம்பாதோன்னு பயம் இல்ல உங்களுக்கு. கிளம்பிடுமேன்னு பயம்!"

"என்ன பேசற நீ..."

"நீங்க மூணு வாரம் இல்லாட்டி இந்த ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் நடுவுல நின்னுடும். ஜனமெல்லாம் உள்ள கெடந்து தவிக்கும். அதான? நான் எத்தன வருஷமா நடுவுல நிக்கறேன், என்னைய எடுக்க ஒருத்தரும் வரலையே!"

அவர் மேசையிலிருந்த தாளை ஓரம் பார்த்து நேராக்கினார். காதுமடல் சிவந்திருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் அதுதான் உண்மை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது தெரிந்ததும் ஆத்திரம் இரட்டிப்பாயிற்று. இத்தனை நாள் எண்ணெய்ச் சொட்டு, கனைப்பு என்று தன்னையும் சேர்த்துப் படுத்துப் பார்க்க வைத்துவிட்டாரே!

அவள் பேனாவை எடுத்தாள். வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். கோணாமல், நிதானமாக. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"மேடத்துக்குப் பல்லு மட்டுமில்ல, நாக்கும்..." என்று டாக்டர் ஏதோ கலகலப்பாக ஆரம்பித்தார்.

"டாக்டர், நீங்க பேசாதீங்க. உங்க மேல இருக்கற கோவம் எனக்கு இன்னும் ஆறல."

டாக்டர் சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

படியிறங்கும்போது அவர் கேட்டார்: "உனக்கு ஓட்டத் தெரியுமா? யாரு ஓட்டப் போறா?"

"நீங்கதான். வண்டி என்னுது. சொல்ற இடத்துக்கு ஓட்டுங்க."

திங்கட்கிழமை காலை கிளம்பினார்கள். வார்த்தை இல்லாமல் கோபித்துக்கொள்ளத் தெரிந்த மனிதர் அவர், முதுகாலேயே கோபிப்பார். முந்நூறு கிலோமீட்டர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு போனாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தலையைச் சாய்த்து என்ஜின் சத்தத்தைக் கேட்பார். டீக்கடையில் நிறுத்தினால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெல்டிங்கைத் தடவிப் பார்ப்பார். சட்டைப் பையில் போன் இரண்டு முறை அடித்தது. யாருக்கோ எந்த ஃபியூஸ் என்று சொன்னார். அவள் வேறு பக்கம் திரும்பி டீயைக் குடித்தாள். அவளுக்கு மட்டும் என்ன கோபம் இல்லையா?

இரண்டாம் நாள் பத்து மணி வாக்கில், மலை இறக்கத்தில், வீடு ஒன்றும் இல்லாத வளைவில், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவர் கிளட்ச் பிடியை அழுத்தினார். அது இறந்துபோன மீன் மாதிரித் தொளதொளவென்று கிடந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. திரும்பி வீட்டுக்கு, பட்டறைக்கு, பக்கத்து மெஷின்காரிக்கு... எல்லாம் ஒரு நொடியில் ஓடிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கையெழுத்து.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணப் போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

"சொன்னேனா இல்லையா! கிளட்ச் வயரு! நான் செயினப் பாத்தேன், டயரப் பாத்தேன், இத இழுத்துப் பாக்கல பாரேன்!"

"நடு ரோட்டுல நின்னுடுச்சேன்னு இப்படிச் சந்தோஷப்படற மனுஷன நான் பாத்ததில்ல" என்றாள். நிஜமாகவே கோபமாக இருந்தது. "இதுக்கா இவ்ளோ பல்லு காட்டறீங்க?"

"உனக்குப் புரியாது. ஒருதடவையும் நிக்காத லிஃப்ட நான் நம்பவே மாட்டேன். எங்க நிக்கும், ஏன் நிக்கும்னு தெரியாது. ஒருவாட்டி நின்னு, காரணம் தெரிஞ்சு, சரிபண்ணிட்டா அப்புறம் அது நம்ம லிஃப்ட்." பேசிக்கொண்டே பையைப் பிரித்து ரோட்டோரத்தில் கொட்டிவிட்டார். வயரின் நுனியில் இருக்கும் ஈயக் குமிழ் கழன்றிருந்தது. லிஃப்ட் கதவுக் கம்பியைப் பிடிக்கிற சின்னப் பித்தளைத் திருகு ஒன்று அவரிடம் இருந்தது. "இந்த நுனியப் பிடி. இறுக்கமா. விட்டுடாத." அவள் பிடித்தாள். கை முழுக்கக் கிரீஸ். இருபது நிமிஷத்தில் கிளட்ச் பிடி விறைப்பாக நின்றது.

அப்புறம் அவர் செய்த காரியம், டாக்டருக்குப் போன் போட்டது.

"டாக்டர், உங்க வண்டி நின்னுடுச்சு!" என்று ஏதோ பேரன் பிறந்த மாதிரி கத்தினார்.

"எங்க? சட்டமா?" மறுமுனையில் டாக்டர் அலறியது அவளுக்கும் கேட்டது.

"இல்ல இல்ல, அது கல்லு மாதிரி இருக்கு. கிளட்ச் வயரு."

"அத நான் தொடவே இல்லையே சார்! சத்தியமா நான் அத அடைக்கல!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாலையோரக் கல்லில் கையைத் தேய்த்துக்கொண்டே, இரண்டு பேரையும் மனதுக்குள் வைதாள். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி வளைவைத் திரும்பி இறங்கியது. அவர் பேச ஆரம்பித்தார். இரண்டு நாள் அடைத்து வைத்திருந்த பேச்சு. எந்த வருஷம் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் முதன்முதலாக நின்றது, உள்ளே யார் இருந்தார்கள், வெளியே எடுத்ததும் என்ன சொன்னார்கள் என்று தலையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். காற்றில் பாதி கேட்கவில்லை.

"என்ன?" என்று அவள் கத்தினாள்.

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.